உங்களுக்குத் தெரியுமா? பரிசு வைத்துப் பிடித்த மின்சாரம்

கண்டுபிடித்து முடித்தவருக்கு மாலை போடுவது ஒரு வகைப் பரிசு. “இன்னதைச் செய்து காட்டு, இவ்வளவு தருகிறேன்” என்று முன்கூட்டியே தண்டோரா போடுவது இன்னொரு வகை. புகையில்லாத எரிசக்திக்கு இந்த இரண்டாம் வகைப் பரிசும், அதன் பங்காளிகளான மானியமும் கடனும் வரிச்சலுகையும் என்னென்ன செய்திருக்கின்றன? படிக்கும்போது தொகையைப் பார்த்து வாயைப் பிளக்காமல் நிபந்தனையைக் கவனியுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

✦ நீர்மின் நிலையத்தில் சுழலும் டர்பைனுக்குப் பின்னால் ஒரு பரிசு உண்டு. பிரான்சின் தேசியத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம், தொழிற்சாலைகளுக்குப் பயன்படும் நல்ல நீர்ச்சுழலி செய்பவருக்கு 1826இல் 6,000 பிராங்க் அறிவித்தது. 1833இல் அதை வென்றவர் பெனுவா ஃபூர்னேரோன். அவருக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் குளோட் புர்தேனும் அதே பரிசுக்கு முயன்றவர். ‘டர்பைன்’ என்று பெயர் வைத்ததே அவர்தான். பெயர் ஆசிரியருடையது, பணம் மாணவருக்கு! 1895இல் நயாகராவில் பெரிய மின் நிலையம் ஓடத் தொடங்கியபோது அங்கே பொருத்தியிருந்தவை ஃபூர்னேரோன் வகை டர்பைன்களே.

✦ 1829 அக்டோபர். லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதைக்கு எந்த என்ஜின் என்று முடிவு செய்ய ரெய்ன்ஹில் என்ற ஊரில் 500 பவுண்டுக்குப் போட்டி. முதல் நிபந்தனையே, என்ஜின் தன் புகையைத் தானே தின்றுவிட வேண்டும் என்பதுதான். ஸ்டீபன்சனின் ‘ராக்கெட்’ நிலக்கரிக்குப் பதில் புகை குறைந்த கோக் எரித்து வென்றது. போட்டிக்கு வந்த இன்னொரு வண்டிக்குள் என்ஜினே கிடையாது. ஒரு குதிரை பட்டைமேல் நடந்து வண்டியை நகர்த்தியது. புகை நிபந்தனையை அப்பழுக்கில்லாமல் நிறைவேற்றியது அதுதான். வேகத்தில்தான் கோட்டை விட்டது.

✦ கடன் தொல்லையில் பிறந்த மின்சாரக் கார் ஒன்று உண்டு. பால் மெக்ரீடி என்ற அமெரிக்கப் பொறியாளர், வேண்டியவர் ஒருவரின் தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். தொழில் நொடித்தது, சுமார் ஒரு லட்சம் டாலர் கடன் இவர் தலையில் விழுந்தது. அப்போது நினைவுக்கு வந்தது கிரேமர் பரிசு. மனித உடல்வலுவால் மட்டுமே பறக்கும் விமானத்துக்காக, ஹென்றி கிரேமர் என்ற தொழிலதிபர் பிரிட்டனில் 1959இல் வைத்தது. யாரும் வெல்லாததால் 50,000 பவுண்டாக வளர்ந்து நின்றது. டாலரில் மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ அவருடைய கடன் தொகை!

மற்றவர்கள் மாதக்கணக்கில் நேர்த்தியாக விமானம் செய்து, ஒரே தடவை விழுந்ததில் உடைத்து, மறுபடி மாதக்கணக்கில் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்ரீடி அலுமினியக் குழாய், மெல்லிய பிளாஸ்டிக் தாள், கம்பி, ஒட்டு நாடா என்று கிடைத்ததை வைத்துக் கட்டினார். விழுந்தால் அன்றே ஒட்டி அன்றே பறக்கலாம். 1977 ஆகஸ்ட் 23இல் சைக்கிள் வீரர் பிரையன் ஆலன் பெடல் மிதிக்க, அவருடைய ‘காஸமர் காண்டர்’ நிபந்தனைப்படி எட்டுப் போட்டுக் காட்டியது. பரிசு கைக்கு வந்தது. 1979இல் அடுத்த விமானம் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இன்னும் 1,00,000 பவுண்டைக் கொண்டுவந்தது.

சரி, இதில் சுத்தமான எரிசக்தி எங்கே? மிதிப்பவரை எடுத்துவிட்டு இறக்கைமேல் சூரிய செல்களை ஒட்டினார் மெக்ரீடி. 16,128 செல்கள், பேட்டரியே கிடையாது. 1981 ஜூலை 7இல் ‘சோலார் சேலஞ்சர்’ பாரிஸ் அருகிலிருந்து இங்கிலாந்தின் மேன்ஸ்டன் வரை 262 கி.மீ. வெயிலை மட்டுமே நம்பிப் பறந்தது. இதைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் அழைத்தது. 1987இல் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கி.மீ. நடந்த முதல் உலக சூரியக் கார் பந்தயத்தில், அவர்கள் சேர்ந்து செய்த ‘சன்ரேசர்’ மணிக்குச் சுமார் 67 கி.மீ. சராசரி வேகத்தில் ஓடி முதலிடம் பெற்றது. அதே கூட்டணி 1990இல் ‘இம்பாக்ட்’ என்ற மின்சார மாதிரிக் காரைக் காட்டியது. அதிலிருந்து 1996இல் ஈ.வி.1 வந்தது. கம்பெனியே பிற்பாடு அந்தக் கார்களைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நொறுக்கியது தனிக்கதை. பெடல் விமானத்துக்குப் பணம் வைத்த கிரேமர் மின்சாரக் காரைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

✦ மின்சாரம் விற்கிறவர்களே, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஃபிரிட்ஜுக்குப் பரிசு வைத்தார்கள். அமெரிக்காவில் 24 மின் நிறுவனங்கள் சேர்ந்து 3 கோடி டாலர் திரட்டின. புதிய மின் நிலையம் கட்டுவதைவிட இது மலிவு என்பது கணக்கு. செல்லப் பெயர் ‘தங்கக் கேரட்’. ஓசோனை அரிக்கும் சி.எஃப்.சி. வாயு கூடாது, அப்போதைய அரசு வரம்பைவிடக் குறைந்தது 25 சதவீதம் குறைவாக மின்சாரம் எடுக்க வேண்டும். 1993இல் வேர்ல்பூல் வென்றது. ஆனால் பணத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கவில்லை; விற்கும் ஒவ்வொரு ஃபிரிட்ஜுக்கும் இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதாக ஒப்பந்தம். விற்பனை நினைத்த அளவு போகவில்லை. அதனால் பணமும் அந்த அளவு போகவில்லை. புத்திசாலிகள்!

✦ 60 வாட் குண்டு பல்புக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு ஒரு கோடி டாலர். 2007ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி, 2008இல் அமெரிக்க எரிசக்தித் துறை தொடங்கிய போட்டி இது. பத்து வாட்டுக்குள் எரிய வேண்டும், 900 லூமென் வெளிச்சம் தர வேண்டும், 25,000 மணி நேரம் உழைக்க வேண்டும். ஃபிலிப்ஸ் 2009இல் 2,000 பல்புகளை அனுப்பியது. அவற்றிலிருந்து 200ஐ எடுத்து ஒன்றரை ஆண்டு எரியவிட்டுச் சோதித்த பிறகே, 2011 ஆகஸ்டில் பரிசு. 2012இல் கடைக்கு வந்தபோது ஒரு பல்பின் விலை சுமார் 50 டாலர்! அந்த விலைக்கு இருட்டே பரவாயில்லை என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள்.

✦ எல்.இ.டி. பல்பை இந்தியாவில் வீட்டுக்கு வீடு சேர்த்தது பரிசு அல்ல, மொத்தக் கொள்முதல். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில், பொதுத்துறை நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். கோடிக்கணக்கில் பல்பு வாங்க டெண்டர் விட்டது. 2014இல் ஒரு பல்பு 310 ரூபாய்க்கு வாங்கியவர்கள், 2016இல் 38 ரூபாய்க்கு வாங்கினார்கள். 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகமாகியுள்ளன. பரிசு ஒரு பல்பைச் செய்யவைக்கும்; அதைக் கோடிக்கணக்கில் செய்யவைப்பது வாங்கும் கைதான்.

✦ அந்த வெள்ளை வெளிச்சத்துக்கு அடிப்படை நீல எல்.இ.டி. அதை ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் உருவாக்கிய ஷுஜி நகமுராவுக்குக் கம்பெனி கொடுத்த வெகுமதி 20,000 யென். வழக்குப் போட்டார், 2005இல் 84 கோடி யென்னுக்குச் சமரசம். 2014இல் இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ ஆகியோருடன் நோபலும் வந்தது.

✦ உலக ஏசி போட்டி டெல்லியில் நடந்தது தெரியுமா? 2018 நவம்பரில் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்காவின் ராக்கி மவுன்டன் இன்ஸ்டிடியூட்டும் ‘மிஷன் இன்னோவேஷன்’ நாடுகள் கூட்டணியும் சேர்ந்து அறிவித்தது இந்த உலகளாவிய குளிரூட்டும் பரிசு. மொத்தம் 30 லட்சம் டாலர். சாதாரண ஏசியால் புவி சூடாவதில் ஐந்தில் ஒரு பங்குதான் போட்டிக்கு வரும் ஏசியால் ஆக வேண்டும். விலையோ, பெருமளவில் தயாரிக்கும்போது இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. அறை எப்போதும் 27 டிகிரிக்குள், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள்.

இந்த ஈரப்பத நிபந்தனையை வைத்தவர் கைக்கு ஒரு மோதிரம் போடலாம். சாதாரண ஏசி வெப்பநிலையைத்தான் அளக்கிறது. காற்றில் பிசுபிசுப்பு குறைய வேண்டுமானால் நாம் டிகிரியை இறக்கிக்கொண்டே போக வேண்டும். பில் ஏறும், போர்வை தேவைப்படும், பிசுபிசுப்பு முழுதும் போகாது. சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 31 நாடுகளிலிருந்து 139 விண்ணப்பங்கள். தேர்ந்த எட்டு அணிகளுக்கு மாதிரி செய்யத் தலா 2 லட்சம் டாலர். ஆய்வகத்திலும் டெல்லி அடுக்குமாடி வீடுகளிலும் ஓட்டிப் பார்த்தார்கள். 2021 ஏப்ரலில் சீனாவின் கிரீ, ஜப்பானின் டைக்கின் தலைமையிலான இரண்டு அணிகள் பரிசைப் பகிர்ந்தன. கடையில் நம் கண்ணுக்கு முதலில் படுவது என்னவோ இன்னும் பழைய வகைதான்.

✦ 92 அணிகள் பதிவு செய்த அமெரிக்கக் கடலலை மின்சாரப் போட்டியை 2016இல் வென்றது இரண்டே பேர் தொடங்கிய ‘அக்வாஹார்மோனிக்ஸ்’. பரிசு 15 லட்சம் டாலர். சோதனை நடந்தது கடலில் அல்ல, மேரிலாந்தில் கடற்படையின் ராட்சதத் தொட்டியில். போட்டி கேட்டது அன்றைய தரத்தைப்போல் இரு மடங்கு. இவர்கள் காட்டியது ஐந்து மடங்கு. நோக்கத்தைச் சரியாக எழுதினால் பெரிய கம்பெனியின் பெயர்ப்பலகை இல்லாதவரும் உள்ளே வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

✦ பெட்ரோலோ மின்சாரமோ, ஒரு கேலனுக்கு நிகரான எரிசக்தியில் 100 மைல் ஓட வேண்டும். லிட்டருக்கு 42 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இது 2010இல் முடிந்த ஆட்டோமோட்டிவ் எக்ஸ் பிரைஸ். ஒரு கோடி டாலரில் பாதியைத் தட்டிச் சென்றது எடிசன்2 என்ற அணியின் நான்கு பேர் அமரும் கார். 400 கிலோவுக்கும் குறைந்த எடை, ஒற்றை சிலிண்டர், எத்தனால் கலந்த எரிபொருள். ஆம், பெரிய பரிசு மின்சாரக் காருக்குப் போகவில்லை! எந்தக் காட்சியறையிலும் அந்தக் கார் விற்பனைக்கு வந்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய்.

✦ யாருக்குமே கொடுக்காத பரிசும் உண்டு. வர்ஜின் நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சன், அல் கோருடன் நின்று 2007இல் 2.5 கோடி டாலர் அறிவித்தார்: காற்றிலுள்ள கரிவாயுவை எடுத்துக் காட்ட வேண்டும், தொழிலாகவும் கட்டுப்படியாக வேண்டும். 11 அணிகள் இறுதிச் சுற்றுவரை வந்தன. 2019இல் கடையை மூடிவிட்டார்கள், பணம் கைமாறவே இல்லை. வாயுவை எடுப்பவர் இருந்தாலும், எடுத்ததற்குக் காசு கொடுக்க அன்றைக்கு ஆள் இல்லை.

✦ அதே துறையில் ஈலான் மஸ்க் அறக்கட்டளை கொடுத்த 10 கோடி டாலர் எக்ஸ் பிரைஸ், 2025 ஏப்ரலில் முடிந்தது. ஓராண்டில் குறைந்தது 1,000 டன் கரிவாயுவை நீக்கிக் காட்ட வேண்டும். 5 கோடி டாலர் முதல் பரிசு பெற்ற ‘மாட்டி கார்பன்’ செய்தது என்ன? கருங்கல் வகையைச் சேர்ந்த பசால்ட் பாறையைத் தூளாக்கி, சத்தீஸ்கர் போன்ற இடங்களில் சிறு விவசாயிகளின் நெல் வயலில் தூவியது. மழைநீரில் கரைந்த கரிவாயு அந்தத் தூளோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாகி, ஆற்றோடு கடலுக்குப் போகிறது. மண்ணுக்குச் சத்தும் சேர்கிறது. கோடிக்கணக்கான டாலர் இயந்திரங்களை ஏர் உழும் மண் தோற்கடித்தது.

✦ ஒரே அரசு, ஒரே காலம், இரண்டு கடன்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் திட்டத்தில் 2009இல் சொலிண்ட்ரா என்ற சோலார் கம்பெனிக்கு 53.5 கோடி டாலர்; 2011 செப்டம்பரில் மஞ்சள் கடிதம். 2010இல் டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர். 2013 மே மாதமே, ஒன்பது ஆண்டு முன்னதாக, வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டது. சொலிண்ட்ராவை வைத்து எதிர்க்கட்சி தேர்தல் பிரசாரமே செய்தது. டெஸ்லாவை வைத்து அரசு அவ்வளவாகப் பீற்றிக்கொள்ளவில்லை. புது முயற்சிக்குக் கொடுக்கும் கடனில் சில முழுகும். ஒன்றுகூட முழுகவில்லை என்றால் கடன் கொடுத்தவர் புது முயற்சிக்கே கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

✦ சொலிண்ட்ராவைக் கவிழ்த்தது எது? சிலிக்கான் தகடுகளின் விலைச் சரிவு. அதற்கும் ஓர் அரசுப் பணத்தின் வரலாறு உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீனிடம் முனைவர் பட்டம் பெற்ற ஷி ஜெங்ரோங், 2001இல் சீனாவுக்குத் திரும்பி சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆரம்ப முதலீடு சுமார் 60 லட்சம் டாலர் கிடைத்தது, வூஷி நகர அரசின் ஏற்பாட்டில். 2005இல் நியூயார்க் பங்குச் சந்தையில் சன்டெக் நுழைந்தது. விலைப் போரைத் தொடங்கிவைத்த அந்த நிறுவனமே 2013இல் அதே போரில் திவாலானது. மிஞ்சியது மலிவான சோலார் பேனல். நம் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தது அப்படித்தான்.

✦ மார்ட்டின் கிரீனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய ‘பெர்க்’ வகை செல்லுக்கு 2023இல் பிரிட்டனின் ராணி எலிசபெத் பொறியியல் பரிசு. முதல் ஆய்வுக்கும் மாலைக்கும் நடுவே ஏறத்தாழ நாற்பது ஆண்டு. லித்தியம் பேட்டரிக்காக நோபல் பெற்றபோது ஜான் குடினஃபுக்கு வயது 97. பின்னால் வரும் பரிசை நம்பி ஆய்வகம் நடத்த முடியாது.

✦ ஜெர்மனி 1983இல் ‘குரோவியான்’ என்ற 3 மெகாவாட் ராட்சதக் காற்றாலையை அரசுப் பணத்தில் நிறுவியது. கோபுரத்தின் உயரம் சுமார் 100 மீட்டர். ஓடிய நேரம் எல்லாம் சேர்த்து 420 மணி அளவில்தான், 1988இல் பிரித்துவிட்டார்கள். பக்கத்து டென்மார்க் வேறு வழியில் போனது. 1979இல் அது சொன்னது: காற்றாலை வாங்குபவருக்கு 30 சதவீத மானியம், ஆனால் ரிசோ ஆய்வு நிலையம் சோதித்துச் சான்று கொடுத்த மாதிரிக்கு மட்டுமே. வாங்கியவர்கள் விவசாயிகள், கூட்டுறவுகள். செய்தவர்களில் பண்ணைக் கருவி செய்தவர்கள் உண்டு. சின்னச் சின்ன ஆலைகள் பழுதாகி, திருத்தி, கொஞ்சம் பெரிதாகி, மறுபடி திருத்தி... வெஸ்டாஸ் வளர்ந்தது இந்த வயலில்தான். அந்த மானியத்துக்கும் முன்பே, ட்விண்ட் என்ற பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்களே 2 மெகாவாட் காற்றாலை ஒன்றைக் கட்டி 1978இல் ஓடவிட்டார்கள்.

✦ நம் ஊருக்கு வருவோம். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசு செலவில் மாதிரிக் காற்றாலைகள் நின்றன. 1990களில் முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் காற்றாலைக் காடாயின. காற்று மட்டும் காரணமல்ல, வருமான வரிச் சட்டமும்தான். காற்றாலையின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றது சட்டம். லாபம் பார்த்த மில்காரர்கள் மார்ச் மாதம் முடிவதற்குள் இறக்கையைச் சுற்றவைக்க ஓடினார்கள். நல்லதுதான், ஆனால் சலுகை கிடைத்தது ஆலையை நட்டதற்கு. அது எத்தனை யூனிட் தந்தது என்று வரித்துறை கேட்கவில்லை. அதனால் சரியான இடமும் சரியான இயந்திரமும் பார்க்காமல் நட்டவையும் கலந்தன. 2009 டிசம்பரில்தான் மத்திய அரசு, உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 50 பைசா என்று இன்னொரு வழியைத் திறந்தது. அந்த 50 பைசா முதலிலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

✦ திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர், தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்துச் சோலார் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். கரியில்லை, புகையில்லை, பேட்டரி நிறைந்தால் ஆறு மணி நேரம் இஸ்திரி போடலாம். 2020இல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு, 1,00,000 குரோனர். 2021இல் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று. அந்த நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டு மேடையில் உலகத் தலைவர்கள்முன் பேச்சு. அந்த ஆண்டு காற்றுத் தூய்மைக்கான எர்த்ஷாட் பரிசு 10 லட்சம் பவுண்டை வென்றதும் ஓர் இந்திய முயற்சி: பயிர்க் கழிவை வயலிலேயே எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றும் ‘டகாச்சர்’. வினிஷாவின் வண்டிக்கு இனி வேண்டியது இன்னொரு கேடயம் அல்ல. ஆயிரம் வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும் ஒரு மாநகராட்சி.

✦ 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதில் உற்பத்தியாளர்களுக்கான ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 17,490 கோடி, முன்னோடித் திட்டங்களுக்கு 1,466 கோடி. ஆராய்ச்சிக்கு 400 கோடி. அதாவது நூற்றுக்கு இரண்டு ரூபாய். போதாது.